பவளம் அக்கா நிறுத்திய பாண்

பவளம் அக்கா போஞ்சிக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிளெமிங்டன் சந்தையில் யாரும் காயை அப்படி ஒடிப்பதில்லை. இத்தாலியக் கடைக்காரர் கையை வீசிக் கத்தியபடி ஓடிவந்தார். "கத்தட்டும் தங்கச்சி. முத்தல் காய் விக்கிறவருக்கு உவ்வளவு கோவம் ஆகாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அடுத்த காயையும் எடுத்து ஒடித்தார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அக்காவுக்கு ஐம்பதைத் தொடும் வயது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு, காலில் கன்வஸ் சப்பாத்து. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஹோம்புஷில் எங்கள் தொடர்மாடியில் கணவர் கதிர்காமநாதனோடு இருக்கிறார். பகலில் ஒரு தொழிற்சாலையில் திரைச்சீலை தைக்கிறார். கணவருக்கு நீரிழிவு, அவர் சொல்லில் சீனி வருத்தம், என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு தேநீர்க் கோப்பையால் அளந்துதான் போடுகிறார். "என்ரை மனுசன்ரை சீனியை டொக்டரோ இறக்கினவர்? நான் இறக்கினனான்!" என்பார். கதிர்காமநாதன் தலையை ஆட்டி ஆமோதிப்பார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து பிஸ்கற் தின்பார்.

காயை ஒடிப்பதோடு நின்றால் பரவாயில்லை. பிறர் கூடைக்குள்ளும் கைவிடுவார். எதிர்வீட்டு இல்டா சிலி நாட்டுப் பெண். ஒருநாள் கடையில் அவளுடைய கூடையிலிருந்து பன்றிக் கொழுப்புக் கட்டி, சீனிப் பை, சோடாப் போத்தல் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கடைத் தட்டில் திருப்பி வைத்தார். "உதைத் திண்டா ஆள் தப்புமே?" இல்டா கையை ஓங்கப் போகிறாள் என்றே நினைத்தேன். அவளோ கூடையை இன்னும் அருகில் நகர்த்திக் கொடுத்தாள்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. அவள் கணவன் ஒஸ்வால்டோவுக்கும் அதே வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவன். அவனுடைய தகப்பனுக்கு இதே வருத்தத்தால் ஒரு காலை எடுத்துவிட்டார்களாம். ஒஸ்வால்டோவுக்கும் அப்படி வந்துவிடுமோ என்று இல்டா நாளும் பயந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து இல்டா சமைக்கும் குசினி பவளம் அக்காவின் ஆட்சிக்குள் வந்தது. மூடியைத் திறந்து முகர்வார், கரண்டியால் கிண்டுவார். அவரைக்கொட்டையும் பூசணியும் சோளமும் போட்டு இல்டா சமைக்கும் கறிக்குப் பாராட்டுக் கிடைத்தது. "எங்கட கறிதான், உறைப்புத்தான் இல்லை." அடுத்த கிழமை அதே பூசணி வேறு உருவத்தில் வந்தபோது நெஞ்சில் கைவைத்துக்கொண்டு என் வீட்டுக்கு ஓடிவந்தார். "பூசணிக்காயை மாவோட குழைச்சு, பண்டிக் கொழுப்பிலை பொரிச்சு, அதுக்கு மேலை சீனிப்பாணியும் ஊத்தீனம் தங்கச்சி!" கொலையை நேரில் பார்த்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

மாலை ஆறு மணிக்கு இல்டா வீட்டு மேசையில் தேநீரும், பெரிய பாணும், வெண்ணெயும், ஜாமும் வரும். அதைக் கண்ட அன்று அக்கா கத்தினார். "பின்னேரத் தேத்தண்ணிக்கே இவ்வளவு பாணோ? இனி இராச் சாப்பாடும் சாப்பிடுவினம்!" நம் வீடுகளில் பின்னேரம் தேநீரோடு ஒரு வடையைக் கடிப்போம். எட்டு மணிக்கு இடியப்பமோ பிட்டோ வரும். அந்தப் பழக்கத்தை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டார். பாணைத் தூக்கி அலுமாரியில் பூட்டாத குறையாக வைத்துவிட்டு, "நோ பாண்! கரட் ஒன்லி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். நாளையிலிருந்து கரட்தான் என்று இல்டா தலையாட்டினாள்.

அடுத்த நாள் மாலை கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். இல்டாதான். அவள் வீட்டுக் குசினித் தரையில் ஒஸ்வால்டோ கிடந்தான். உடம்பெல்லாம் தெப்பமாக வியர்வை. கண் திறந்திருந்தது, மனைவியை அடையாளம் தெரியவில்லை, வாய் என்னவோ குழறியது. நான் அம்புலன்சைக் கூப்பிட்டேன். அம்புலன்ஸ்காரர் வந்து நாடியைப் பிடித்துக்கொண்டே, ஊசி போட்டபின் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்.

"கரட்" என்றாள் இல்டா.

"பிறகு டின்னர்?"

"நோ டின்னர். டீ, பாண், ஃபினிஷ். எவ்ரி நைட்." அவள் அழுதுகொண்டே மேசையைக் காட்டினாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தேநீரும் பாணும்தான் அவர்களுடைய இராச் சாப்பாடு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை. ஊசியைப் போட்டுவிட்டு வெறும் கரட் தின்றதில் அவனுடைய சீனி அடியோடு இறங்கிவிட்டது. வாசலில் நின்ற பவளம் அக்காவுக்கும் அது விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்தார். "நான் பாணைத்தானே நிப்பாட்டினனான்... சாப்பாட்டையோ நிப்பாட்டினனான்?" என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

நரம்பில் குளுக்கோஸ் ஏறியதும் ஒஸ்வால்டோவுக்குச் சுயநினைவு திரும்பியது. ஆசுபத்திரியிலிருந்து நல்லபடியாக வீடு வந்தும் சேர்ந்தான். பவளம் அக்காதான் வெளியே வரவில்லை. எதிர்வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் தன் கதவை மூடிக்கொண்டார். கடைசியில் ஒரு மாலை இல்டாவே வந்து, "கம், பவாலம், கம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். என்னையும் விடவில்லை.

மேசையில் முழுப் பாண் இருந்தது. இல்டா கத்தியை எடுத்து அக்காவின் கையில் வைத்தாள். தடித்த துண்டாக ஒன்று வெட்டி ஒஸ்வால்டோவின் தட்டில் வைத்தார் அக்கா. அவன் கடித்து, மென்று, விழுங்கும்வரை உட்காராமல் அவன் தொண்டையையே பார்த்து நின்றார். இரண்டாம் துண்டை அவனே எடுத்து, வெண்ணெயை வாரிப் பூசினான். பவளம் அக்கா கத்தி நுனியால் அதில் பாதி வெண்ணெயை மெல்ல வழித்துத் தனக்கென வெட்டிய துண்டில் பூசிக்கொண்டார்.