வால் நறுக்காத மீன்

ஓயாமல் மழை பெய்யும் சியாட்டிலில் குடியிருந்துகொண்டு மழை பிடிக்காது என்றால் ஊரே சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும், மார்லிஸுக்கு இலையுதிர்கால முதல் மழை என்றாலே ஆகாது. சால்மன் மீன்கள் கடலிலிருந்து ஓடையேறி முட்டையிட வருகிற சமயம் பார்த்துத்தான் அது மேலே உள்ள சாலையைக் கழுவி, டயர் தேய்ந்த தூளையெல்லாம் ஓடையில் கொண்டுவந்து கொட்டும். அந்த விஷத்தில் மீன் முட்டையிடாமலே செத்துப்போகும்.

அந்தச் சாலையில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவள் மார்லிஸ். ஓய்வு பெற்றதும் ஓடையில் செத்த மீன்களை எண்ண வந்துவிட்டாள். சம்பளமில்லாத வேலை. முட்டையிட்டு முடித்த தாய்மீன் ஒன்றையாவது இந்த ஓடையில் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. முழங்கால் போய்விட்டது, இந்த வருஷத்தோடு சரி.

கூட எண்ண வருகிற கஸ், கார் பழுது பார்த்துப் பிழைத்தவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"பஸ்ஸத்தான் லேட்டா கொண்டு வருவ. நடையுமா?"

"பேசாம வா. அங்க பாரு."

பாலத்தடியில் விஷமேறிய ஒரு தாய்மீன் வாயைப் பிளந்துகொண்டு வட்டமடித்தது. மார்லிஸ் தண்ணீரில் மண்டியிட்டு அதை இரு கைகளாலும் தாங்கி, ஓடையின் மேல்பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

"உயிர் மீனைத் தொடக்கூடாதுன்னு நீதான எல்லாருக்கும் சொல்லுவ," என்றார் கஸ்.

"முட்டையிடற சரளை அதோ தெரியுது கஸ். இன்னும் கொஞ்ச தூரம்தான் இவளுக்கு."

அது கைக்குள்ளேயே துவண்டு செத்துப்போயிற்று. முட்டையிட்டதா என்று பார்க்க, வழக்கப்படி மார்லிஸ் அதன் வயிற்றைக் கீறினாள். உள்ளே அத்தனை முட்டையும் சிவக்கச் சிவக்க அப்படியே இருந்தது. ஒன்றுகூட இடவில்லை. அவள் வாய்விட்டு அழுதாள், கஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எண்ணி முடித்த மீனுக்கு வாலை நறுக்கி ஓடையிலேயே போட்டுவிட வேண்டும். அவளோ கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"நறுக்கலன்னா அடுத்த வாரம் வர்றவங்க திரும்பவும் எண்ணிடுவாங்க, மார்லிஸ்."

"எண்ணட்டும். இவ வந்தான்னு இன்னொரு தடவ யாராவது சொல்லட்டும்."

கஸ் கத்தியைக் கழுவித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

மேலே பஸ் ஒன்று போயிற்று. அவளோடு வேலை பார்த்த ஓட்டுநர், எப்போதும்போல ஹாரன் அடித்தான். எப்போதும் கையசைப்பவள் இன்று அசைக்கவில்லை. அவள் விரல்களில் முட்டைகள் ஒட்டியிருந்தன.