மாவுக்கட்டு ராக்கையா

வாளித் தண்ணீரில் கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டே, “அழுறதுன்னா இப்பவே அழுது முடிச்சுரு. மாவு காயிறப்ப ஆடக் கூடாது” என்பார் ராக்கையா. கையை ஒடித்துக்கொண்டு வந்தவருக்கு அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிடும். அதற்குள் முதல் சுற்றைச் சுற்றியிருப்பார்.

கமுதிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று திருப்பூர் வந்தவர், எப்படியோ டாக்டர் கந்தவேலின் எலும்பு ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டார். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் ஊரே ஓடிக்கொண்டிருந்தது. மொபட்டில் மூன்று பேராகப் போய் விழுந்தவர்கள், துணி மூட்டை சரிந்து தோள் இறங்கியவர்கள் எல்லோருக்கும் ராக்கையாவின் மாவுக்கட்டு அறை வாசலில் ஒரே பெஞ்சுதான். வலியோடு வந்தவர்களைப் பற்றி இப்படிச் சொல்வது பாவம். ஆனாலும் அந்தப் பெஞ்சின் கலகலப்பை நினைத்தால் இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

மாவுக்கு அடியில் கைக்கு மாட்ட ஒரு குழாய்த்துணி வேண்டும். மருந்துக் கடையில் வெள்ளையாகக் கிடைக்கும். பனியன் ஊரில் அதை யார் வாங்குவார்கள்? அவரவர் கம்பெனித் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், கிளிப்பச்சையும் ரோஸுமாக. ராக்கையா இழுத்துப் பார்ப்பார். “சாயம் போகுமாய்யா? கை பச்சையா வந்துச்சுன்னா டாக்டரு என்னையத்தேன் வைவாரு.”

மண்ணரையிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் சித்ராதேவியும் அப்படித்தான் மணிக்கட்டுக்கு ரோஸ் துணியில் கட்டுப் போட்டுக்கொண்டு போனாள். கட்டுப் பிரிக்கச் சொன்ன கெடுவில் பாதி நாட்கள் மீதி இருக்கும்போதே கட்டில்லாத கையோடு வந்து நின்றாள். ஷிப்மென்ட் அவசரமாம். வலி நின்றுவிட்டதால் எலும்பு கூடிவிட்டது என்று தானே முடிவு கட்டி, துணி வெட்டும் கத்தரியால் மாவைப் பிளந்துவிட்டு மெஷினில் உட்கார்ந்திருக்கிறாள். மதியத்துக்குள் கை வீங்கிவிட்டது.

“அதென்ன துணியா தாயி, வெட்டிப் பாக்குறதுக்கு?” ராக்கையா கத்தியதில் பெஞ்சு முழுக்க அடங்கிப்போனது.

கந்தவேல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பு விலகியிருந்தது. “ஏங்கண்ணு இப்படிப் பண்ணிப்போட்ட? மயக்கம் குடுத்து மறுக்காச் சேத்தி வெக்கறேன். கை முன்ன மாதிரி வருமான்னு கட்டுப் பிரிச்சாத்தான் தெரியும்.”

அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான். அன்று மாவு சுற்றும்போது ராக்கையாவுக்குக் கிண்டல் வரவில்லை. திட்டியது வேறு அவருக்கே உறுத்தியது. ஈரம் காய்கிறவரை அவள் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, ஊர்க் கதையும் மழைக் கதையும் பேசிக்கொண்டிருந்தார்.

கெடு முடிந்து கட்டைப் பிரித்தபோது கை மெலிந்து, தோல் உரிந்து, யாருடையதோ போல இருந்தது. எலும்பு நேராகக் கூடிவிட்டது என்றார் கந்தவேல். பிடிமானம்தான் வர வேண்டும். ராக்கையா இரண்டு விரலை நீட்டினார்.

“புடி தாயி.”

தொட்ட மாதிரிதான் இருந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. “இம்புட்டுத்தேன் வருதுண்ணே.”

“வந்த வரைக்கும் சரி. இன்னங் கொஞ்சம் புடி.”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மெல்ல மெல்லச் சுண்டுவிரல் மடங்கியது. பிறகு கட்டைவிரல் நடுங்கிக்கொண்டே வந்து மேலே அமர்ந்து, அழுத்தியது.

வெளியே நர்ஸ் அடுத்தவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராக்கையா விரல்களை உருவவில்லை. அவளாக விடட்டும் என்று, வாளித் தண்ணீர் ஆற ஆற நின்றுகொண்டிருந்தார்.