மணியை அழுத்திய வீட்டுக்காரர்

வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கலாமென்று எடப்பாடியில் அலைந்தபோது அவரைச் சந்தித்தேன். மூன்றடுக்கு வீட்டின் சொந்தக்காரர். கஞ்சி போட்ட வேட்டி, கக்கத்தில் குடை. வீட்டைச் சுற்றிக் காட்ட வந்தவர், ஒவ்வொரு கதவிலும் மணியை அழுத்திவிட்டு, அந்நியரைப்போல் முதுகைக் காட்டி நின்றார்.

"வாடகை எவ்வளவு வருதுங்க?" என்றேன்.

"ஒண்ணும் வாரதில்லீங்க. எல்லாத்தையும் போக்கியத்துக்கு உட்டுட்டனுங்க."

கீழ்வீட்டைப் போக்கியத்துக்கு விட்டு, மொத்தமாக வந்த பணத்தில் மாடி கட்டினார். அதையும் விட்டு அதற்கு மேலே கட்டினார். போக்கியத்தில் மாத வாடகை கிடையாது. காலி செய்யச் சொன்னால் வாங்கியதை முழுதாகத் திருப்ப வேண்டும். அந்தப் பணந்தான் செங்கல்லாகி நிற்கிறதே!

"நீங்க எதுல குடியிருக்கீங்க?"

"எதுத்தாப்புலங்க. வாடகைக்கு."

படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நீங்க வாங்கி, அவிங்க பணத்தைக் குடுத்து அனுப்பிருங்க சாமி. கீழ் ஊட்டை எனக்கே வாடகைக்கு உட்டுருங்க. மாசமானா தவறாமக் குடுத்துருவனுங்க."

அத்தனை அலைச்சலில், வாடகை நிச்சயமாக வரும் என்று நான் நம்பிய வீடு அது ஒன்றுதான். அதை வாங்கத்தான் எனக்கு மனசு வரவில்லை.