ஐஸ்காரம்மா ஏற்றிய கிரிட்

எங்கள் ஆய்வகத்தில் அவரை முகத்துக்கு நேரே அக்கா என்போம், முதுகுக்குப் பின்னால் ஐஸ்காரம்மா. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொண்டதே இல்லை. இந்தக் கட்டடத்துக்குத் தேவையான கோபம் மொத்தமும் என்னிடம் இருக்கிறது.

சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு செப்புச் சல்லடை, அதுதான் கிரிட். அதன்மேல் புரதக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, தாளால் ஒற்றி, கண் இமைப்பதற்குள் கடுங்குளிர் திரவத்தில் முக்க வேண்டும். தண்ணீர் படிகமாகாமல் கண்ணாடி மாதிரி உறைய வேண்டும். தடித்தால் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது, மெலிந்தால் புரதம் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பதினெட்டு வருஷமாக அக்காவுக்கு இதே வேலை. அந்த கிரிட்டுகளிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான நிழல்களைச் சேர்த்து உருவம் கட்டுவது என் வேலை. பேர் வாங்குவது மாடியில் இருப்பவர்கள். அதைப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன்.

அந்த வாரம் வந்தது ஃபெரிட்டின். உடம்பில் இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம், இருபத்துநான்கு துண்டுகள் கூடிய வெற்றுப் பந்து. ஒழுங்கான பந்து என்பதால் நுண்ணோக்கி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விலைக்கு வாங்கிய குதிரை ஃபெரிட்டினைத்தான் எப்போதும் முதலில் ஏற்றுவோம். இந்தத் தடவை ஆராய வந்ததும் ஃபெரிட்டினாகவே அமைந்துவிட்டது.

கொண்டுவந்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய அண்ணன் முடிதிருத்துகிறவர். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. குடித்துவிட்டுக் கத்தியைப் பிடிக்கிறான் என்று வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக நழுவிவிட்டார்கள். பெற்ற அப்பாவே முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவருடைய ஃபெரிட்டின் மரபணுவில் ஒரு பிழை இருந்தது. ஆனால் வேறு யாரிடமும் பார்த்திராத பிழை என்பதால், நடுக்கத்துக்கு அதுதான் காரணம் என்று எழுதித்தர மருத்துவர் மறுத்துவிட்டார். வீட்டில் அவரை நம்பியது தங்கை மட்டும்தான். அதே பிழையோடு புரதத்தைச் செய்து, பந்து ஓட்டையா என்று பார்க்க வந்திருந்தாள். ஓட்டையென்றால் இரும்பு கசிந்து மூளையில் படியும், கை நடுங்கும். நுண்ணோக்கியில் அவளுக்குக் கிடைத்தது இரண்டே நாள். கொண்டுவந்த புரதமோ துளியூண்டு.

செவ்வாய்க்கிழமை மதியம் படங்கள் வந்தன. அடேயப்பா, திரை முழுக்க உருண்டைகள்! இத்தனை நீர்த்த கரைசலில் இவ்வளவு கூட்டமா என்று இயக்குநரே கீழே இறங்கிவந்து அக்காவின் கைராசியைப் புகழ்ந்துவிட்டுப் போனார். சாயங்காலத்துக்குள் நான் முதல் உருவத்தைக் கட்டிவிட்டேன். அம்சமான பந்து. நான்கு நான்கு துண்டுகள் கூடும் ஆறு முனைகளும் கச்சிதமாக மூடியிருந்தன.

மாணவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், என் புத்தி அவ்வளவுதான். அவள் வராந்தாவுக்குப் போய் அண்ணனுக்குப் போன் போட்டாள். கதவு சாத்தியிருந்தும் எங்களுக்குக் கேட்டது.

"உன் புரதம் நல்லாத்தான் இருக்கு. என்கிட்டயாவது உண்மையச் சொல்லுண்ணா, குடிக்கிறியா?"

கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த அக்கா பாதியில் அப்படியே நின்றார்.

மறுநாள் காலையில் நான் வரும்போது அவர் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்தப் புரதத்தில் இவ்வளவு கூட்டம் வராது தம்பி என்றார். கிரிட்டுகளை வைக்கும் டப்பா ஒரு நாணயம் அளவு இருக்கும். நான்கு குழிகள், விளிம்பில் அடையாளத்துக்கு ஒரே ஒரு வெட்டு. முதல் குழியில் சோதனை கிரிட், மூன்றாவதில் மாணவியுடையது. டப்பாவைத் திருப்பிப் பிடித்தால் ஒன்று மூன்றாகிவிடும். அன்றைக்குக் குளிர்ப்புகை அதிகம், திருப்பிப் பிடித்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது என்றார்.

அவர் பயந்தது சரி என்று எனக்கு உடனே தெரிந்தது. ஏனென்றால், மாணவி கொடுத்த புரத வரிசையோடு அந்த உருவம் நாலைந்து இடத்தில் ஒட்டவில்லை என்று நான் நேற்றே பார்த்திருந்தேன். இயக்குநரே புகழ்ந்துவிட்டுப் போயிருக்கிறார், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அக்காவுக்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கிறது, இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். சும்மா இருங்கள், விரிவாக அலசும்போது ஒரு மாசத்தில் தானாகத் தெரிந்துவிடும் என்றேன்.

"அந்த ஒரு மாசமும் அவரு குடிகாரனாவே இருக்கணுமா?"

அதற்குமேல் அவர் நிற்கவில்லை, மாடிக்குப் போய்விட்டார். மாணவியை உட்காரவைத்துக்கொண்டு இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நேற்று புகழ்ந்த அதே வாய் இன்று அவரைக் காய்ச்சி எடுத்தது. பின்னாலேயே ஓடிய நான், எனக்கும் தெரியும் சார் என்றேன். காலங்கடந்து வந்த ரோஷம்தான், ஆனாலும் சொன்னேன். அடுத்த குழு வியாழக்கிழமைதான் வருகிறது, இன்று ஐந்து மணிவரை பாருங்கள், அதோடு முடிந்தது என்றார் இயக்குநர்.

மிச்சமிருந்தது நேற்று ஏற்றாமல் விட்டுப்போன மாணவியின் ஒரே கிரிட். மூச்சுக்காற்றின் ஈரம் பட்டாலே அதில் பனி படிந்து எல்லாம் பாழ். முகமூடிக்குள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்க, அக்கா இடுக்கியால் அதை எடுத்து ஏற்றினார். 

முதல் படத்தில் ஒன்றுமில்லை, ஐம்பதாவதிலும் ஒன்றுமில்லை. வெறும் உறைந்த தண்ணீர். மாணவி நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு ஓர் ஓரத்தில் ஏழெட்டு உருண்டைகள் தெரிந்தன. இதுதான், இப்படி அரிதாகத்தான் இருக்கும் என்று அக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்த ஓரத்தையே சுரண்டிச் சுரண்டிப் படமெடுத்தோம்.

நாலே முக்காலுக்கு உருவம் வந்தது. பந்து இருந்தது. ஆனால் ஆறு முனைகளிலும் மூடவேண்டிய இழைகள் பிய்ந்து, வெறும் மங்கலாகக் கிடந்தன. உள்ளே இரும்பு தங்க வழியே இல்லை.

மாணவி உடனே அண்ணனைக் கூப்பிட்டாள். மூன்று தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை. நேற்று அப்படிக் கேட்டபிறகு எப்படி எடுப்பார்? அவள் அழ ஆரம்பித்தாள். அக்கா எண்ணைக் கேட்டுத் தன் போனிலிருந்து கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். அண்ணன் எடுத்துவிட்டார்.

"தம்பி, உங்க தங்கச்சி வேலை செய்யிற இடத்துலேருந்து பேசுறேன். நேத்து கிரிட்ட மாத்தி வச்சது நான்தான், அவ மேல தப்பில்ல. உங்க புரதம் ஓட்டைதான். நீங்க சொன்னது அத்தனையும் நெசம்."

 அவர் பதில் நாக்கு புரளாமல், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"இத எங்க அப்பாகிட்ட... ஒரு தடவ சொல்றீங்களா?"

சொல்கிறேன், நம்பரைக் கொடுங்கள் என்று அக்கா பேனாவை எடுத்தார். அண்ணன் அந்த எண்ணைச் சொல்லிமுடிக்க நிறைய நேரம் ஆனது. நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.