அடிக்காத ஹாரன்

அப்பாவின் பழைய வேனுக்குக் காற்றிலேயே ஆறும் எஞ்சின். மெக்கானிக் புது டைனமோவை மாட்டி எஞ்சினை முடுக்கியதும், சூடான பெல்ட் வாசனை அடித்தது. டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு அணைந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், எப்போதும்வென்றான் ஊரைத் தாண்டியதும் அந்த விளக்கு எரிந்தது. பின்சீட்டில் அம்மாவுக்குப் பிரசவ வலி. "டைனமோ போச்சு. கோவில்பட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் பேட்டரி தாங்கணும்" என்ற அப்பா, ஹாரனைக்கூடத் தொடவில்லை. கரிசல் காட்டிலிருந்து ஏறிய ஆடுகள் ரோட்டை அடைத்தன. அம்மாவே ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்: "ஏ அண்ணாச்சி, ஆட்டைப் பத்துங்க! ரோட்டுலயே பெத்துருவேன்!"

ஆட்டுக்காரர் பதறி வழிவிட்டார். தங்கச்சி ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள்.

இப்போது என் பக்கத்து சீட்டில் இருந்த அந்தத் தங்கச்சி மெக்கானிக்கிடம் கேட்டாள்: "ஹாரன் அடிக்கலாம்லா?"

"தாராளமா அடிங்க."

அன்றைக்கு அப்பா அடிக்காமல் விட்டதையெல்லாம் சேர்த்து, கையை நீட்டி ஹாரனை அமுக்கிப் பிடித்தாள்.