ஜப்பான் கொப்பி

ஜப்பான் மொழி படிக்கிறவனை எந்தச் சோதனைச் சாவடியிலும் பஸ்ஸை விட்டு இறக்க மாட்டார்கள் என்று நான் நம்பினேன். சிரிக்காதீர்கள், சண்டை நடந்த காலம் அது. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், கையில் தமிழில் எழுதிய பாடக் கொப்பி என்றால் கேள்வி நீளும். ஜப்பான் கொப்பி என்றால் வெளிநாடு போகப்போகிற அப்பாவி என்று விட்டுவிடுவார்கள் அல்லவா? கெம்பஸில் புதிதாகத் தொடங்கிய வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. எல்லோரும் பண்பாட்டு ஆர்வம் என்றே எழுதினோம். உண்மையில் ஒருத்திக்கு ஜப்பான் பயணிகள் வருகிற மாணிக்கக் கடையில் வேலை வேண்டும். மஹய்யாவவில் எங்கள் பக்கத்து வீட்டில் அறை எடுத்திருந்த யாழ்ப்பாணத்து நண்பனுக்கு எப்படியாவது பிளேன் ஏற வேண்டும். இரண்டு பேருக்கு டீச்சரின் சிரிப்பு. எனக்குப் பேராதனைக் கெம்பஸ் வரைக்கும் சீட்டிலேயே உட்கார்ந்து போனால் போதும்.

மூன்றாம் வாரம் சிப்பாய் ஒருவர் பஸ்ஸில் ஏறினார். கேட்காமலே கொப்பியை நீட்டினேன். அவர் விரித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மனப்பாடம் செய்ய லேசாக இருக்கட்டுமென்று ஒவ்வொரு ஜப்பான் எழுத்துக்கும் கீழே அதன் ஓசையைத் தமிழில் எழுதியிருந்தேன். பக்கம் பக்கமாக, கட்டம் போட்டு, மேலே புரியாத குறி, கீழே தமிழ். இரகசியத் தகவல் அனுப்புகிறவன்கூட இவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான்.

பக்கத்திலிருந்த நண்பன், "மச்சான், உன்னை எனக்குத் தெரியாது" என்று முணுமுணுத்துவிட்டு ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்க்கத் தொடங்கினான்.

சிப்பாய் இறங்கச் சொன்னார். கொப்பி முன்னே போக, நான் பின்னால் இறங்கினேன். இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். ஜப்பான் மொழி என்றேன். அப்படியானால் வாசி என்றார். இது மேசை, அது கதிரை, நான் மாணவன் என்று ஜப்பான் மொழியில் ஒப்பித்தேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது. ஆகவே மறுபடியும் மேசையிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் தடவை கதிரைக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தி, இன்னொரு சிப்பாயைக் கூப்பிட்டார். பஸ் ஜன்னல்களெல்லாம் தலைகள். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு முதலாமவர் ஒரு பேனாவை நீட்டினார். வாக்குமூலம்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

"தம்பி, என் மகளின் பெயரை இந்த எழுத்தில் எழுத முடியுமா?"

சிகரெட் பெட்டி அட்டையில் எழுதிக் கொடுத்தேன். மற்றவருக்கு மனைவியின் பெயர். அடுத்த வாரம் சாவடியிலுள்ள எல்லோருக்கும் வேண்டுமாம். வகுப்பைக் கைவிட வழியில்லாமல் இரண்டு வருடம் படித்தேன்.

அந்த இரண்டு வருடமும், வாராவாரம், என்னைப் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள்.