தென்னை மட்டை இழுத்தவர் என் அப்பா

2003-ஆம் வருஷம், பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பெரம்பலூரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டு வாசலில் நடந்தது இது. எழுத உட்கார்ந்தாலே இன்னும் எனக்கு ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

அங்கே ஒரு தனியார் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். கணவருக்கு அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. எனக்கு அப்போது ஐந்து மாசம். அந்த வயிற்றோடு வீடு தேடி அலைந்தேன். சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம் என்று சொன்னால் யாரும் அதோடு விடமாட்டார்கள். ஊரில் எந்தத் தெரு, குலதெய்வம் எது, பொண்ணு கொடுத்து எடுப்பது எந்தப் பக்கம் என்று தோண்டுவார்கள். ஜாதி என்ற வார்த்தையை மட்டும் வாயில் எடுக்கமாட்டார்கள், அவ்வளவு நாகரிகம்! உண்மையைச் சொன்னதும் ஒருத்தருக்குத் திடீரென்று சாவி தொலைந்துபோனது. இன்னொருத்தருக்கு மச்சான் குடிவரப்போவது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஆறாவது வீட்டில் பொய் சொன்னேன். பொய் எனக்குப் புதுசில்லை. படிக்கிற காலத்தில் பஸ்ஸில் வரும்போது காலனி நிறுத்தத்தில் இறங்காதே, கடைத்தெருவில் இறங்கி நடந்து வா என்று சொல்லிக்கொடுத்தது என் அம்மாதான். யாராவது குலதெய்வம் கேட்டால் என்ன சொல்லணும் என்றுகூட எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கும். அந்தப் படிப்பு அன்றைக்குக் கைகொடுத்தது. அப்பாவுக்கு நாலு ஏக்கர் முந்திரிக்காடு என்றேன். நாலு ஏக்கர் உண்மைதான். காடு வேறு ஒருத்தருடையது, அப்பா அதில் கூலிக்குக் கொட்டை பொறுக்கினார்.

மாடி வீடு கிடைத்தது. வீட்டுக்காரம்மா கீழ் வீட்டில் இருந்தார். குறை சொல்ல முடியாத மனுஷி. கறிவேப்பிலை, மல்லிப்பூ எது பறித்தாலும் எனக்கு ஒரு பங்கு மேலே வந்துவிடும். வாய்க்கு எதுவும் பிடிக்காதபோது எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடிக்க வாளியோடு கீழே இறங்கினேன். கேட்டுக்கு வெளியே என் அப்பா நிற்கிறார். சொல்லாமல் கொள்ளாமல் ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். செருப்பைத் தெருவிலேயே கழற்றி விட்டிருந்தார். தோளில் கிடக்கவேண்டிய துண்டு கக்கத்தில் இருந்தது. கையில் மஞ்சள் பை. உள்ளே அம்மா உடைத்துக் கொடுத்த முந்திரிப் பருப்பு, பிள்ளைத்தாய்ச்சிக்காக.

வீட்டுக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். "டீச்சர், யாருங்க இது? உங்களைத்தான் கேக்குது" என்றார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. "எங்க காட்டுல வேலை பாக்குறவருங்க" என்றேன்.

அப்பா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் அந்தம்மாவிடம் திரும்பி, "ஆமாங்க. ஐயா இந்தப் பருப்பைக் குடுத்துட்டு வரச் சொன்னாருங்க" என்றார். பையை என் கையில் தராமல் மாடிப்படியில் வைத்துவிட்டு மறுபடி கேட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார். என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று வேறு கேட்டார்.

அதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். முந்தின நாள் காற்றில் வாசலில் தென்னை மட்டைகள் விழுந்து கிடந்தன. "வந்ததே வந்துட்ட, இந்த மட்டையெல்லாம் இழுத்துப் பின்னாடி போட்டுட்டுப் போயேன்" என்றார் அந்தம்மா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வேலைக்காரர் என்று சொன்னால் வேலைதானே சொல்வார்கள்? சொல்லிக்கொடுத்ததே நான்தானே!

என் அப்பா ஒவ்வொரு மட்டையாக இழுத்தார். மூச்சு வாங்க வாங்க இழுத்தார். நான் காலி வாளியோடு பார்த்துக்கொண்டே நின்றேன்.

முடித்துவிட்டு அவர் கும்பிட்டுப் போனதும்தான் எனக்கு உணர்வு வந்தது. தெருமுனைக்கு ஓடினேன். மன்னிப்புக் கேட்கப் போனவள், அவரைப் பார்த்ததும் கத்தினேன். "நீங்க ஏன்ப்பா ஆமான்னு சொன்னீங்க?"

"நீ சொல்லிப்புட்ட. நான் இல்லன்னு சொன்னா நீ பொய்க்காரி ஆயிடுவியே பாப்பா" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. "வூடு கெடைக்கறது லேசா? வவுத்துப்புள்ளையோட ரோட்ல நிக்காத, அந்தம்மா பாத்துடப் போவுது."

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்.

திரும்பி வந்து நேராக வீட்டுக்காரம்மாவிடம் போனேன். "உங்க வாசல்ல மட்டை இழுத்தது என்னைப் பெத்த அப்பா" என்றேன். எங்கள் தெருவின் பெயரையும் சொன்னேன். அந்தம்மா முகம் சுருங்கிப்போனது. "நான் அப்படியெல்லாம் பாக்குறவ இல்லைங்க டீச்சர். ஆனா பொய் சொல்லிட்டீங்களே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு" என்றார்.

எப்படி இருக்கிறது நியாயம்! உண்மையைச் சொன்னால் சாவி தொலைந்துபோகும். பொய் சொன்னால் மனசு கஷ்டப்படும். மாசக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். கறிவேப்பிலை அன்றோடு நின்றது.

குழந்தை பிறக்கிற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா என்று என் கணவர் பத்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தகரம் போட்ட ஒரு வீட்டுக்குப் போனோம். அங்கேதான் என் மகள் பிறந்தாள். இப்போது யாராவது ஊர் கேட்டால், அடுத்த கேள்விக்கு அவர்கள் வாயெடுக்கும் முன்பே தெருவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

அப்பா காலமாவதற்கு முன்பு ஒருமுறை அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்குப் புரியவே இல்லை. "அதுல என்னா இருக்கு?" என்று சிரித்தார். பெத்த மகள் தன்னை வேலையாள் என்று சொன்னதை ஒரு தப்பாகவே நினைக்கத் தெரியாதபடி ஒரு மனுஷரை வளர்த்துவிட்ட ஊர் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஆறிவிடக் கூடாது என்றுதான் நானும் பார்த்துக்கொள்கிறேன்.